இரட்டைக் குழல்: அறை, பிராகாரம், பந்தல்

'சொனாட்டா' என்றால் வாத்தியத்தில் ஒலிக்கப்படுவது. பாடப்படும் 'கண்டாட்டா'வுக்கு எதிர்ப்பதம். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியில் அது இரண்டாகப் பிரிந்தது: தேவாலய சொனாட்டா, அறை சொனாட்டா. இசைக்கு அது ஒலிக்கும் இடத்தை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். கொரெல்லி இரண்டுவகையும் எழுதினார்.

பிறகு அந்த அறையே கைமாறியது. 1727வாக்கில் டெலமான் ஹாம்பர்க் நகரில் இரண்டு குழல்களுக்கான ஆறு சொனாட்டாக்களை அச்சிட்டு வெளியிட்டார். துணைக்கு ஹார்ப்சிகார்ட் வேண்டாம், செல்லோ வேண்டாம். குழலுக்குப் பதில் இரண்டு வயலின் இருந்தாலும் போதும் என்று தலைப்பிலேயே போட்டிருந்தார். வாங்கியவர்களில் நகரத்து வசதிக்காரர்கள் உண்டு. வீட்டில் நண்பரோடு உட்கார்ந்து வாசிப்பவர்கள். சந்தைச் சரக்குதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் ஒரு சமத்துவம் இருக்கிறது. முதல் குழல் சொன்னதைச் சற்றுப் பிந்தி இரண்டாவது எடுத்துக்கொள்ளும். அதற்குள் முதலாவது வேறெங்கோ போயிருக்கும். யாரும் யாருக்கும் பின்பாட்டு கெடையாது. பாக்கின் ஜி மேஜர் ட்ரியோ சொனாட்டாவிலும் தாழ்சுர வரிக்கு மேலே இரண்டு குழல்களும் இப்படித்தான் பேசுகின்றன. அறையின் வேலைக்காரர்களுக்கு அங்கே நாற்காலி இருந்ததா என்பதை ஸ்வரத்தாள் சொல்வதில்லை.

இதே கேள்வியை நம்ம பக்கம் திருப்பலாம். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து நாமக்கல் வரை இந்தச் சமவெளியில் இரட்டை நாயனம் கேட்காத காது இருக்காது. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்வார். ஆலாபனையில் மாறிமாறி, கீர்த்தனையில் சேர்ந்து. திருவீழிமிழலை சகோதரர்கள் இதைப் பெரும் கலையாக்கினார்கள். ஆனால் இவர்களுக்கு வகுக்கப்பட்ட இடம் கோயில் பிராகாரம், வீதியுலா, கல்யாணப் பந்தல். 'மங்கல வாத்தியம்' என்பது கௌரவம்போலத் தெரிந்தாலும் வாசிப்பவரின் இடத்தைக் கட்டிப்போடும் சொல்தான். பறைக்கு அந்தச் சொல்கூடக் கிடைக்கவில்லை.

மூங்கில் குழலின் கதை வேறு. சரப சாஸ்திரி (1872–1904) அதைத் தனிக்கச்சேரி வாத்தியமாக்கினார். சபா அறை அதை ஏற்றுக்கொண்டது. அதே அறையில் பின்னாளில் சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணியும் நீலாவும் இரட்டைக் குழலோடு உட்கார்ந்தார்கள். பெண்கள் குழலெடுப்பதே அபூர்வமாயிருந்த காலத்தில் அது சின்ன விஷயமில்லை. 2002இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி இருவருக்கும் சேர்த்தே வந்தது.

நாயனத்தின் சத்தம் அறைக்கு ஒத்துவராது என்று சொல்லிட்டுப் போயிடலாம். சத்தம் ஒரு காரணம்தான். ஆனால் டி.என். ராஜரத்தினம் பிள்ளை உட்கார்ந்து வாசிக்கும் உரிமைக்காக வாதாட வேண்டியிருந்ததை அது விளக்காது. கதவு முழுக்கச் சாத்தியிருக்கவுமில்லை: 1956இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும் 1998இல் ஷேக் சின்ன மௌலானாவுக்கும் கலாநிதி கிடைத்தது. இந்தப் பக்கத்து நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் 1981இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய வாசிப்பு கேசட் வழியாக எல்லா வீட்டு அறைகளுக்குள்ளும் நுழைந்தது. ஒலிக்குத் திறந்த கதவு, ஊர்ஊராகப் பந்தலில் ஊதும் பேர்தெரியாத நாயனக்காரருக்கு எவ்வளவு திறந்தது?

நம் இசை வரலாறுகள் ராகங்களையும் பாணிகளையும் எழுதியிருக்கின்றன. யார் நின்றார், யார் உட்கார்ந்தார், யார் திண்ணையோடு நிறுத்தப்பட்டார் என்பதும் இசை வரலாறுதான். அதை இனிதான் எழுதணும்.