காணாமையின் ஆழம்: கோலார் தங்கவயலும் கிறிஸ்தவ எதிர்நோக்கும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் கிடைத்தவற்றின் கணக்காகவே எழுதப்பட்டுள்ளது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்பதித்தது முதல் 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் அங்கிருந்து எடுக்கப்பட்டது. அதே நிலத்தடியில் காணாமையின் வரலாறு ஒன்றும் உண்டு. அது கிறிஸ்தவ இறையியலின் பழைய வினா ஒன்றைத் தெளிவாக்குகிறது.

1960களின் தொடக்கத்தில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் வெவ்வேறு ஆழங்களில் மியூவான் துகள்களை எண்ணினர். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்தது. மிக ஆழமான இடத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. அந்த வெறுமையை அவர்கள் தோல்வியாகக் கொள்ளவில்லை. பிற துகள்களின் இரைச்சல் அடங்கிய இடத்திலேயே நியூட்ரினோவின் தடயத்தைப் பிரித்தறிய இயலும் எனக் கண்டனர். ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுக்களும் இணைய, 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் பதிவாயிற்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது கண்டறியப்பட்டது.

1980இல் 140 டன் எடையுள்ள கருவியுடன் புரோட்டான் சிதைவைத் தேடும் பணி தொடங்கியது. சில நிகழ்வுகள் சிதைவாக இருக்கலாம் என அறிவிக்கப்பட்டன. பிற நாடுகளின் பெரிய கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. இன்றளவும் எவரும் அச்சிதைவைக் கண்டிலர். ஆயினும் ஒவ்வொரு காணாமையும் புரோட்டானின் ஆயுள் குறைந்தது இவ்வளவு என்னும் எல்லையை உயர்த்தியே வந்துள்ளது. அதே தேடலுக்காக ஜப்பானில் அமைத்த கமியோகாண்டே கருவி, 1987இல் வெடித்த விண்மீன் ஒன்றின் நியூட்ரினோக்களைப் பதிவுசெய்தது.

நான்காம் நூற்றாண்டின் நீசா நகர் ஆயர் கிரகோரியார், மோசே இருளுக்குள் புகுந்து இறைவனை அணுகியதை விளக்குகையில், காண விழையும் ஆவல் தணியாமையே உண்மையான காட்சி என்கிறார். முன்னிருப்பதை நோக்கி நீண்டுசெல்லுதல் என்னும் பவுலின் கருத்தே இதற்கு மூலம். ஆயின் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாகாது. இயற்பியலாளரின் எல்லை கருவியின் எல்லை. அது நாளை விலகக்கூடும். கிரகோரியாரின் எல்லையோ தேடப்படுபவரின் முடிவின்மையிலிருந்து எழுவது. அது என்றும் விலகாது. ‘இன்னும் காணவில்லை’ என்பதை ‘இல்லை’ என்றும், ‘கண்டுவிட்டோம்’ என்றும் மாற்றிச் சொல்லாத நேர்மையே இவ்விரண்டுக்கும் பொது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அந்த ஆழத்தைக் குடைந்தோர் பெரும்பாலும் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தலித் தொழிலாளர்கள். அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். பாறை வெடிப்பும் நுரையீரலில் படிந்த சிலிக்கா தூசும் அவர்களின் நாள்முறை அனுபவங்கள். அவர்களிடம் எதிர்நோக்கு என்னும் பெயரால் பொறுமையைப் போதிப்பது அநீதி. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். விளைவு கண்ணுக்குப் புலப்படுமுன் எழுந்து நிற்பதும் எதிர்நோக்கே.

துகள்களின் தடயத்தை அந்த ஆழத்தில் தேடினோம். அதைக் குடைந்த கைகளின் தடயத்தை நம் வரலாற்றெழுத்து இன்னும் போதிய அளவு தேடவில்லை. அந்தக் காணாமை பாறையால் நேர்ந்ததன்று.