கோடாலிகருப்பூர்ப் புடவை

பூலாம்பாடியில் படம் வரையும் பிள்ளைகள் கோடு தவறினால் ரப்பரைத் தேடுகிறார்கள். பக்கத்து அரியலூர் மாவட்டத்துக் கோடாலிகருப்பூரில் புடவையில் கோடு இழுத்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஜரிகை ஊடாக நெய்த துணி. சிவப்பு ஏறக்கூடாத இடத்தில் எழுதுகோலால் உருக்கிய மெழுகைக் கோடாக இழுப்பார்கள். சாயத்தில் முக்கி, மெழுகை நீக்கினால் கோடு வெளுப்பாகத் தெரியும்; ஜரிகை உள்ளிருந்து மினுங்கும். கை நடுங்கினால் நெய்தவர் உழைப்பும் போச்சு!

தஞ்சை மராட்டியர் அரண்மனைக்கான புடவை இது. 1855இல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு போனது, வாங்குவோரும் போனார்கள். கோயில் சீலை எழுதும் கை மட்டும் கொள்ளிடத்துக்கு அக்கரையில், சிக்கல்நாயக்கன்பேட்டையில் தொடர்கிறது. 2021இல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தனை வருடம் பாடம் நடத்திய நான் வகுப்பில் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை.