டாயின்பீ ஹால்

டாயின்பீ ஹால் கிழக்கு இலண்டனில் வைட்சாப்பல் பகுதியில் உள்ள சமூகப்பணி நிறுவனமாகும். 1884 இல் தொடங்கப்பட்ட இதுவே முதல் பல்கலைக்கழகக் குடியமர்வு இல்லமாகக் கருதப்படுகிறது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களும் பட்டதாரிகளும் வறியவர்களின் தெருவிலேயே தங்கி, தாம் கற்ற வரலாறு, இலக்கியம், சட்டம் ஆகியவற்றை அங்கு பயன்படுத்த வேண்டும் என்பதே நிறுவனர்களான சாமுவேல் பார்னெட், என்றியேட்டா பார்னெட் இணையரின் நோக்கமாகும். 1883 இல் தம் 30 ஆம் வயதில் இறந்த பொருளியல் வரலாற்றாளர் ஆர்னால்டு டாயின்பீயின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. (பின்னர் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் ஆர்னால்டு ஜோசப் டாயின்பீக்கு இவர் பெரியப்பா; இருவரையும் ஒருவராகக் கொள்ளுதல் தவறு.)

செயற்பாடுகள்

சாமுவேல் பார்னெட் ஆராயாமல் பணம் வழங்குவதை எதிர்த்தவர். எனவே மாலை வகுப்புகளும் பொது விரிவுரைகளுமே முதன்மை பெற்றன. ஜான் ரஸ்கினின் நூல்களைப் பயிலக் கூடிய ஒரு வகுப்பிலிருந்தே 1888 இல் சார்லஸ் ஆஷ்பியின் கைவினைஞர் குழுமம் உருவானது. 1898 இல் தொடங்கிய இலவசச் சட்ட ஆலோசனை இன்றும் தொடர்கிறது.

தாக்கமும் விமர்சனமும்

இங்கு வந்து பார்த்த ஜேன் ஆடம்ஸ், 1889 இல் சிக்காகோவில் எலன் கேட்ஸ் ஸ்டாருடன் இணைந்து ஹல் ஹவுஸை நிறுவினார். வில்லியம் பெவரிட்ஜ், கிளமெண்ட் அட்லி ஆகியோரும் இளமையில் இங்கு பணியாற்றியவர்களே. பெவரிட்ஜின் 1942 அறிக்கையும், 1945 இல் பிரதமரான அட்லியின் ஆட்சியும் பிரித்தானிய மக்கள்நல அரசுக்கு அடித்தளமிட்டன. ஆயினும், இங்கு தங்கியவர்கள் உயர்பதவிகளை அடைந்தனரே அன்றி அப்பகுதி ஏழைகளின் நிலை மாறவில்லை என அவ்வட்டாரத் தொழிற்கட்சித் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி குறைகூறினார்.