கந்தை

கந்தை என்றால் இன்று கிழிந்த துணி. இதன் மூலமான வடமொழிக் 'கந்தா'வுக்கோ துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடை, குறிப்பாகத் துறவியர் போர்வை என்று பொருள். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட போர்வை இன்றும் கந்தாதான். கலைப்பொருளாக நல்ல விலைக்கும் போகிறது. தமிழில் தையல் உதிர்ந்து கிழிசல் மட்டும் நின்றது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழியிலும் ஏழ்மைதான் தெரிகிறது.

நைட்டித் தையல் பரவலாக நடக்கும் செட்டியார்பட்டி, தளவாய்புரம் வட்டாரத்தில் வெட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. அத்துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்துப் போர்வை தைத்தால் அதற்கு இப்போது 'குயில்ட்' என்று பெயர். இச்சொல் மெத்தையைக் குறித்த லத்தீன் சொல்லின் வழி வந்தது. துண்டு, ஒட்டு என்ற பொருளே அதில் கிடையாது. வட கர்நாடகத்தார் இத்தகைய போர்வையைக் கௌதி என்பர். அங்குள்ள சித்தி என்னும் சமூகத்தாருக்குக் கவந்தி.

தமிழில் 'ஒட்டுப்போர்வை' பொருந்தும். இற்றுப்போன பழைய கட்டத்தின்மேல் துவைத்து நைந்த துணியை வைத்துத் தைப்பதும் ஒட்டுப்போடுதலே. புதுத்துணி வைத்தால் அதன் விறைப்பு பழைய இழையை இழுத்துக் கிழித்துவிடும். கந்தை என்ற சொல்லை மீட்பது கடினம், இழிவு ஏறிவிட்டது. ஒட்டுப்போர்வையே போதும்.