வேதனைக்கு எழுவாய் யார்? ‘அகனி’ என்னும் சொல்லும் சங்ககிரிப் பேச்சும்

‘அகனி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கடுந்துயரம், வேதனை என்று இருமொழி அகராதிகள் பொருள் தருகின்றன. தவறில்லை, ஆனால் சொல்லின் பாதி விடுபட்டுப்போகிறது. அதன் வேரான கிரேக்க ‘அகோன்’, போட்டியையும் போட்டி நடக்கும் களத்தையும் குறித்தது. ‘அகோனியா’ அந்தக் களத்தில் ஒருவர் படும் பாடு. புதிய ஏற்பாட்டில் இச்சொல் ஒரே இடத்தில், லூக்கா 22ஆம் அதிகாரத்தில், சாவுக்கு முந்தைய இரவில் இயேசு பட்டதைச் சொல்ல வருகிறது. லத்தீன் வழியே ஐரோப்பிய மொழிகளில் சாவுப் போராட்டத்தின் பெயராகவும் நிலைத்தது. அதில் துன்பப்படுபவர் மல்லுக்கு நிற்பவர். இந்தப் பொருள் தமிழில் உண்டு என்பதும், அதைப் பெயர்ச்சொற்களில் தேடுவதால்தான் அகப்படவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நம் பெயர்ச்சொற்களின் வரலாறு வேறு. ‘அவஸ்தை’ வெறும் நிலை என்று பொருள்பட்ட வடசொல். சைவ சித்தாந்தத்தில் நனவு முதல் உயிர்ப்படங்கல் வரை ஐந்து அவத்தைகள். ‘வேதனை’ பௌத்தத்தில் இன்பம், துன்பம், இரண்டுமற்றது ஆகிய மூவகை உணர்வுக்கும் பொது. மணிமேகலை அந்தக் கருத்தை ‘நுகர்வு’ என்கிறது. ‘அவதி’க்கு எல்லை, தவணை என்ற பொருள்களும் உண்டு. நடுநிலையாக இருந்த சொற்கள் தமிழில் துன்பத்தின் பக்கம் சாய்ந்தன. எதிலும் மல்யுத்தம் இல்லை; ஆள் ஒரு நிலையில் கிடக்கிறார், அவ்வளவே. சாகக்கிடப்பவருக்கான திருவருட்சாதனத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று அழைத்தபோது, கிரேக்கக் களத்தின் இடத்தில் வடமொழி நிலை வந்து உட்கார்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அது ‘நோயில்பூசுதல்’ ஆனது. அவஸ்தை என்ற சொல்லுக்கும் அதற்குள் பலம் போயிருந்தது. பஸ் வராவிட்டால் அவஸ்தை, கோவை நெடுஞ்சாலையில் லாரிகள் தேங்கி நின்றால் ‘வாகன ஓட்டிகள் அவதி’. ஆங்கிலத்திலும் இதே கதைதான்: பத்திரிகையில் காதல் சிக்கலுக்கு யோசனை சொல்லும் பெண்மணிக்கு ‘அகனி ஆன்ட்’ என்று பெயர்.

இனி வினைக்கு வருவோம். சங்ககிரிப் பக்கத்தில், லாரி ஓட்டி முதுகு போனவரும் தறியில் நின்று கால் போனவரும் மருத்துவரிடம் சொல்வதைக் கேட்டால் ஒரு படிவரிசை தெரியும். “எனக்கு வலிக்குதுங்க” என்பதில் நோயாளி நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். “இடுப்புக் கடுக்குதுங்க”, “காலு கொடையுதுங்க” என்பவற்றில் உறுப்பே எழுவாய். அடுத்தது “உசுரே போவுதுங்க”. இங்கே உயிர் எழுவாயாகிறது. வலி இன்னும் மிஞ்சினால், “ராத்திரி பூரா துடிச்சுப் போயிட்டனுங்க.” இப்போதுதான் ஆள் எழுவாயாக உள்ளே வருகிறார். (எந்தப் படியிலும் ‘ங்க’ மட்டும் உதிர்வதில்லை.) வலி ஏற ஏற மொழி சிதறி வெறும் ஓலமாகிறது என்று 1985இல் வெளியான தம் நூலில் எலைன் ஸ்கேரி வாதிட்டார். ஓலம் இங்கும் உண்டுதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வரும் பேச்சில் இலக்கணம் சிதறவில்லை, இடம் மாறுகிறது.

எழுவாயாக வந்தாலே ஒருவர் போராடுபவர் ஆகிவிடுவாரா என்று கேட்கலாம். ‘விழுந்தான்’, ‘செத்தான்’ என்பவற்றுக்கும் எழுவாய் உண்டே. நியாயமான தடை. துடிப்பதில் விருப்பம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இரவில் இயேசுவுக்கு வழிந்ததாக லூக்கா சொல்லும் வியர்வையும் விரும்பிச் சிந்தியதல்ல. அதைவிட வலுவான சான்று சாவுப் படுக்கைப் பேச்சில் இருக்கிறது. “இழுத்துட்டுக் கெடக்குதுங்க” என்பது ஒரு வகை. “பேத்தி கண்ணாலத்தப் பாக்கோணும்னு உசுரப் புடிச்சுட்டு இருக்கறாருங்க” என்பது இன்னொன்று. இரண்டாவதில் ஆள் எழுவாய், உயிர் செயப்படுபொருள், இடையே பிடித்தல் என்ற செயப்படுபொருள் குன்றா வினை. எதிராளி பெயர் சொல்லப்படாமலே களத்தில் நிற்கிறார். ‘அகோனியா’வுக்கு இதைவிட நெருங்கிய தமிழை நான் அறியேன்.

மேடைத் தமிழ் இந்தப் பொருளைப் பிளந்துவிட்டது. 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு ஆடிப் பதினெட்டில் அஞ்சலி செலுத்தும் பேச்சுகளில் போர் உண்டு, வீரமரணம் உண்டு, வலி கிடையாது. மருத்துவமனைத் தமிழில் வலி உண்டு, போர் கிடையாது.

இந்தப் பிளவால் நடைமுறைச் சிக்கலும் உண்டு. ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்படிவம் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்குகிறது. அவற்றில் பெரும்பாலானவை வலிக்கு அடைமொழிகள். ‘அகனி’யின் அடைமொழி வடிவமும் ஒன்று. உச்சநிலைக்கு அவர் வைத்த சொல்லின் வேர் சிலுவை. இவற்றைத் தமிழில் ‘கடுமையான’, ‘மிகக் கடுமையான’, ‘தாங்கமுடியாத’ என்று பெயர்த்தால், எல்லாம் ஒரே சொல்லை உரக்கச் சொன்னதுபோல் ஆகும். குடைவது, குத்துவது, கடுப்பது என்ற வினைகளையே வைத்துக்கொண்டால் வலியின் வகை தெளிவாகும். அளவுக்கு, எழுவாய் உறுப்பிலிருந்து உயிருக்கும் உயிரிலிருந்து ஆளுக்கும் நகர்வதைக் கவனிக்கலாம். “உசுரே போவுதுங்க” என்பதை மிகைப்பேச்சு என்று தள்ளாமல் உயர்படியாகப் பதியலாம். ‘உசுரப் புடிச்சுட்டு’ மட்டும் எந்தப் படியிலும் சேராது: அது வலியைப் பற்றிய பேச்சே அல்ல, அந்த மனிதரைப் பற்றியது, அதைச் சொல்பவரும் நோயாளி அல்ல, கட்டிலருகே நிற்கும் மகளோ மருமகளோதான்.