ஸ்லேட்டில் அழிந்த படிகள் - அறிவியல் மாணவருக்கு எழுத்துப் பயிற்சி தேவையா?

பி.எஸ்சி. படிக்கும் ஒருவர் மூன்று வருடத்தில் எத்தனை பக்கம் எழுதுகிறார் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட், செமஸ்டர் விடைத்தாள், கடைசி வருடத்தில் ப்ராஜெக்ட். ஆனால் அதில் அவரே யோசித்து எழுதிய பக்கம் எத்தனை? நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, முடிவு. இந்த ஐந்து தலைப்புகளும் பள்ளிக்கூடத்திலிருந்தே மாறவில்லை. போன வருட சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதினாலும் கையெழுத்து கிடைத்துவிடும். குத்தம்பாக்கத்தில் பஸ் ஏறிப் பூந்தமல்லி வழியாகக் கல்லூரிக்குப் போகும் மாணவருக்கும் இதே கதைதான், நகரத்தின் நடுவே படிப்பவருக்கும் இதே கதைதான்.

அறிவியல் மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கத் தனிப் பயிற்சி வேண்டுமா என்ற கேள்வி வந்தால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "சரக்கு இருந்தால் போதும், எழுத்து தானாக வரும்" என்பது ஒன்று. "இங்கிலீஷ் சரியாக வந்தால் எழுத்தும் வந்துவிடும்" என்பது இன்னொன்று. இரண்டையும் சோதித்துப் பார்க்க வெளிநாட்டு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய சென்னையே போதும்.

1906, ஒரே ஊர், இரண்டு மாணவர்கள்

1906-இல் சென்னையில் இரண்டு இளைஞர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பச்சையப்பன் கல்லூரியில், இன்னொருவர் மாநிலக் கல்லூரியில். இருவருக்கும் வயது வித்தியாசம் ஒரு வருடம்கூட இல்லை.

மாநிலக் கல்லூரி மாணவர் சி.வி.ராமன். ஒளி ஒரு செவ்வகத் துளையின் வழியே சாய்வாகப் போகும்போது ஏற்படும் பட்டைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அந்த வருடம் நவம்பரில் லண்டனிலிருந்து வரும் ஃபிலாசஃபிகல் மேகசினில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 18.

பச்சையப்பன் கல்லூரி மாணவர் ராமானுஜன். அந்த வருடக் கடைசியில் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். அதற்கு முன்பே, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்திருந்தார்.

இருவரில் யாருக்குத் திறமை அதிகம் என்பது இங்கே கேள்வியே இல்லை. ஒருவருக்குத் தன் துறை எப்படி எழுதுகிறது என்பது தெரிந்திருந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ், ராலே போன்றவர்களின் எழுத்தை ராமன் மாணவராக இருந்தபோதே ஊன்றிப் படித்திருந்தார். ராமானுஜன் கைக்குப் பள்ளி நாட்களில் வந்து சேர்ந்த புத்தகமோ ஜி.எஸ்.கார் தொகுத்தது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கானது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாக இருக்கும், நிரூபணம் என்று சொல்லும்படி அதிகம் இருக்காது. கணிதம் என்றால் இப்படித்தான் எழுதவேண்டும் என்று அந்த மாணவர் எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

இதோடு காகித விலையும் சேர்ந்துகொண்டது. கணக்கை ஸ்லேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வது ராமானுஜன் வழக்கம். காமர்ஸ் பாஷையில் சொன்னால், வவுச்சர் ஒன்றுகூட இல்லாத பேரேடு. கூட்டுத்தொகை எல்லாம் பெரும்பாலும் சரி. ஆனால் ஆடிட்டர் வந்தால் எதைக் காட்டுவது?

திருப்பி அனுப்பிய ஆசிரியர்

இந்தியக் கணிதவியல் கழகம் 1907-இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் வி.ராமசாமி ஐயர், வேலையில் டெபுடி கலெக்டர். அந்தக் கழகத்தின் பத்திரிகையில்தான் 1911-இல் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது, பெர்னூலி எண்களைப் பற்றி.

அந்தக் கட்டுரை எளிதாக அச்சேறவில்லை. பத்திரிகை ஆசிரியர் பெங்களூர் எம்.டி.நாராயண ஐயங்கார் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பி, விளக்கம் கேட்டு, திருத்தி வாங்கினார். வாசகர் தொடர்ந்து வர முடியாத அளவுக்கு எழுத்து சுருக்கமாகவும் தெளிவில்லாமலும் இருந்தது. கணிதம் தவறு என்று அவர் திருப்பி அனுப்பவில்லை. படிப்பவருக்குப் புரியவேண்டும் என்பதற்காக அனுப்பினார். ராமானுஜனுக்குக் கிடைத்த முதல் எழுத்துப் பயிற்சி வகுப்பு இதுதான் என்று சொல்லலாம். வகுப்பறை இல்லை, பாடத்திட்டம் இல்லை, தபால்தான்!

1912-இல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கிருந்தவர்களின் முயற்சியால் அவருடைய தாள்கள் லண்டனில் பேராசிரியர் எம்.ஜே.எம்.ஹில் என்பவருக்குப் போயின. ஹில் சொன்ன குறைகளில் எழுத்தும் உண்டு: தெளிவாக எழுத வேண்டும், விளக்காமல் குறியீடுகளைப் பயன்படுத்தக் கூடாது. 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை மைனஸ் பன்னிரண்டில் ஒன்று என்று மொட்டையாக எழுதினால் யார்தான் நம்புவார்கள்? அதற்குப் பின்னால் ஒரு அர்த்தம் இருந்தது. அந்த அர்த்தம் தாளில் இல்லை.

கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய கணித மேதைகளுக்கு எழுதியும் பலன் இல்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஹார்டிக்குப் போனது. அவரும் முதலில் சந்தேகப்பட்டார். லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்த பிறகுதான் எழுதியவர் மேதை என்று முடிவுக்கு வந்தார். வாசகர் உட்கார்ந்து உழைத்ததால் கடிதம் பிழைத்தது. அந்த ஒருவரும் குப்பையில் போட்டிருந்தால்?

1914-இல் ராமானுஜன் கப்பல் ஏறினார். ஹார்டி அவரை மறுபடி முதல் வகுப்பில் உட்கார வைக்கவில்லை. அப்படிச் செய்தால் அந்த ஊற்று வற்றிவிடும் என்று பயந்தார். நிரூபணம் என்றால் என்ன, அதை எப்படி எழுதுவது என்பதைச் சேர்ந்து வேலை செய்தபடியே சொல்லிக்கொடுத்தார். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்த உயர்பகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரையையும், பழைய நோட்டுப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே ஆள் எழுதியதா என்று தோன்றும். சரக்கு அதேதான். எழுத்து மாறிவிட்டது.

விடுபட்ட படிகளின் விலை

1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் ராமானுஜன் இறந்தார். வயது 32. அவர் விட்டுச்சென்ற நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருந்தன. அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் அவற்றை நிரூபணங்களோடு ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தார். முதல் தொகுதி 1985-இல், ஐந்தாவது 1998-இல். 1920-இல் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ராமானுஜன் சொன்ன மாக் தீட்டா சார்புகளுக்கு, நெதர்லாந்தின் ஸ்வேகர்ஸ் 2002-இல் எழுதிய ஆய்வேட்டில்தான் முழுமையான பொருள் கிடைத்தது. 82 வருடம்! நோய்க்கும் வறுமைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இருந்தாலும், ஸ்லேட்டில் அழிந்த படிகள் காகிதத்துக்கு வந்திருந்தால் எத்தனை பேரின் உழைப்பு மிச்சமாகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ராமனின் கதையைப் பாருங்கள். 1907-இல் அவர் கல்கத்தாவில் நிதித்துறை வேலையில் சேர்ந்தார். பத்து வருடம் பகலில் கணக்கு அலுவலகம், மற்ற நேரத்தில் ஆய்வுக்கூடம். கட்டுரை எழுதுவது மட்டும் நிற்கவில்லை. 1926-இல் இந்திய இயற்பியல் இதழையே தொடங்கினார். 1928 பிப்ரவரி 28-இல் அந்தப் புகழ்பெற்ற சோதனை. மார்ச் 16-இல் பெங்களூரில் உரை. மார்ச் 31 தேதியோடு அந்த உரை அச்சாகி, பிரதிகள் உலகெங்கும் இருந்த அறிவியலாளர்களுக்குத் தபாலில் போயின. அதே நிகழ்வை மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் இருவரும் பிப்ரவரி 21-இலேயே பார்த்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது சில மாதங்கள் கழித்து. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் கண்டதை உடனே, தெளிவாக எழுத முடிந்தது அந்த ஒரு மாதத்தில் பெரிய பலம்.

அப்போ இங்கிலீஷ் தான் பிரச்சினையா?

இல்லை. ஹில் சுட்டிக்காட்டியது இலக்கணப் பிழையை அல்ல. இதற்கு இன்னொரு சாட்சி யாழ்ப்பாணத்தில் கிடைக்கிறது. 1847-இல் அங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860-களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். தன் மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்த மருத்துவ நூல்கள் 4000 பக்கங்களுக்கு மேல். ஒரு சொல் வேண்டுமென்றால் முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்று முறை வைத்திருந்தார். அந்த மாணவர்களுக்கு எழுதுவதே படிப்பின் ஒரு பகுதியாக இருந்தது. தெளிவு என்பது எந்த மொழியிலும் பழகினால்தான் வரும்.

இன்றைக்கு?

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைகள் பற்றி இரண்டு கிரெடிட் பாடம் கட்டாயம் என்று யுஜிசி 2019-இல் முடிவு செய்தது. திருடாதே, பொய் டேட்டா கொடுக்காதே, போலி இதழில் போடாதே என்று அது சொல்கிறது. தேவையான பாடம்தான். ஆனால் ஒரு பத்தியை எப்படி எழுதுவது என்பது அதில் இல்லை. அதுவும் முனைவர் பட்டத்தின் வாசலில் வருகிறது, இருபத்திரண்டு வயதுக்குப் பிறகு!

ஆகவே பயிற்சி தேவை. ஆனால் இன்னொரு பேப்பர், இன்னொரு கைடு, இன்னொரு ஐந்து மதிப்பெண் கேள்வி என்று அதை ஆக்கினால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். நாராயண ஐயங்கார் செய்ததுதான் சரியான வழி: எழுதியதைப் படித்துப் பார்த்து, "இந்த வரி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுப்பது. ரெக்கார்டு நோட்டில் வருடத்துக்கு ஒரு சோதனையையாவது மாணவர் தன் சொந்த வாக்கியத்தில் எழுதட்டும். வந்த அளவு ஏன் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்று விளக்கட்டும். ஆசிரியர் அதை இரண்டு முறை திருப்பிக் கொடுக்கட்டும்.

அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒரு ஆசிரியர் இதைச் செய்ய நேரம் எங்கே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் ஒருவர் நோட்டை இன்னொருவர் படித்துப் புரியாத இடத்தில் கோடு போட ஆசிரியர்கூட வேண்டாம். பக்கத்து பெஞ்ச் நண்பர் போதும். காப்பி அடிக்க வாங்கும் அதே நோட்டை, ஒரு தடவை கேள்வி கேட்பதற்காகவும் வாங்கிப் பார்க்கலாமே?