பாண் முதல் இன்சுலின் வரை: அளந்து ஊட்டியதன் வரலாறு

போர் மூண்டால் முதலில் தட்டுப்பாடாவது மாவும் பாணுமே என்பதைப் பட்டறிந்தவர்கள் நாம். அத்தகையதொரு தட்டுப்பாட்டின் நடுவேதான் இன்றைய உயிரியல் தொழில்நுட்பத்தின் முதன்மையான முறையொன்று உருவானது என்பதைப் பலர் அறியார்.

பாண் மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ற் எனப்படும் மதுவம், உயிருள்ள ஒரு நுண்ணங்கியாகும். காற்றுக் கிடைத்தால் அது நன்கு பெருகும் என்பதை 1861இல் பிரான்சின் லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். ஆயினும் தொழிற்சாலைகள் ஒரு சிக்கலை எதிர்கொண்டன. உணவு முழுவதையும் தொடக்கத்திலேயே தொட்டியில் இட்டால், காற்று இருந்தபோதிலும் மதுவம் மிகையான சீனியை அற்ககோலாக மாற்றிவிடும். சீனி வீணாகும், மதுவமோ எதிர்பார்த்த அளவுக்குப் பெருகாது.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் ஜேர்மனியில் தானியம் அரிதாயிற்று. மதுவம் வளர்க்கப் பயன்பட்ட தானியத்தை மக்களின் உணவுக்கே விடவேண்டிய நிலை ஏற்பட்டது. சீனி ஆலைகளில் எஞ்சும் பாகும் அமோனிய உப்புகளும் அதன் இடத்தைப் பிடித்தன. அந்தப் பாகையும் ஒரேயடியாகக் கொட்டாது, மதுவம் உண்ணும் வேகத்துக்கேற்பச் சிறிது சிறிதாக ஊட்டும் முறையை ஜேர்மனியில் பிரெட்ரிக் ஹைடுக்கும் டென்மார்க்கில் சோரன் சாக்கும் 1919ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினர். குறைந்த சீனியில் மிகுந்த மதுவம் விளைந்தது. இதுவே இன்று 'ஃபெட்-பாச்' எனப்படுகின்றது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெனிசிலின் பெருமளவில் ஆக்கப்பட்டபோது, பூஞ்சணம் மெதுவாகவே உண்ணும் லக்ரோசு உணவாக இடப்பட்டது. பிற்காலத்தில் மலிவான குளுக்கோசையே துளித்துளியாக ஊட்டி அதே பயனைப் பெற்றனர்.

பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்தே முன்னர் இன்சுலின் எடுக்கப்பட்டது. 1978இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஈ. கோலை என்னும் பற்றீரியாவைக் கொண்டு மனித இன்சுலினை ஆக்கினர். 1982இல் அது நோயாளர் பாவனைக்கு அனுமதிக்கப்பட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இந்தப் பற்றீரியாவுக்கும் பொருந்தும். குளுக்கோசு மிகுந்தால் அது அசற்றிக் அமிலத்தை வெளிவிட்டுத் தன் வளர்ச்சியைத் தானே தடுத்துக்கொள்ளும். ஆகவே அதற்கும் உணவு அளந்தே ஊட்டப்படுகின்றது.

எம் இல்லங்களில் நீரிழிவுக்காக இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் முதியோர் பலர் உளர். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அந்தச் சிறு குப்பியை எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு, அதன் பின்னால் ஒரு போர்க்காலப் பாண் பஞ்சத்தின் கதையும் உண்டெனச் சொல்லிவைப்போம்.